வெள்ளிக்கிழமைச் சொதி

என் வீட்டுக்காரருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மாறிய வருடம் அது. தொண்ணூற்றொன்றா, தொண்ணூற்றிரண்டா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. சண்டையால் பெற்றோல் வராமல், ஆட்களை ஏற்றுகிற வான் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும்.

காய்ச்சல் விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியும் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி வைத்தால் இரண்டு மிடறு. இடியப்பம் அவித்தால் ஒன்றைப் பிய்த்துவிட்டு, பிய்த்ததையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் "வாய் கசக்குது" என்பார். வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த மனிசனுக்கு, தேத்தண்ணிப் பேணியைத் தூக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டது. கழுத்தெலும்பு இரண்டும் சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

பருத்தித்துறைப் பக்கம் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியார் இருக்கிறார், கைராசிக்காரர் என்று தோட்டத்துக்கு வந்த ஒருவர் சொன்னார். உரும்பிராயிலிருந்து அங்கே போவது அந்த நாளில் சின்ன அலுவல் இல்லை. வான் எந்த நாளில் ஓடும் என்று விசாரித்து, ஒரு வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டோம். நான் பிட்டு அவித்து, இரண்டு வாழைப்பழமும் வைத்து, இலையில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

பரியாரியார் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்தார். பிறகு இவரிடம் சொன்னார்:

"வருத்தம் மாறிப்போச்சு. இனி மருந்திலை ஒண்டும் இல்லை. சாப்பிட்டால் எழும்புவீர். சாப்பிடாட்டில் அடுத்த மாதம் உம்மை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வரவேணும்."

"வாய் கசக்குது, ஐயா."

"கசக்கட்டும். கசக்கக் கசக்கத் தின்னும்."

வெளியே வந்ததும் இவருக்குக் கோபம். "உதைச் சொல்லிறதுக்கு ஒரு பரியாரியே? உதை நீரும்தானே ஒவ்வொரு நாளும் சொல்லிறீர்" என்றார். வானில் ஏறி இருந்ததும் பிட்டுப் பொதியை அவிழ்த்தேன். அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பொதியைத் திரும்பக் கட்டினேன். நாலு பேர் தூக்குவது என்ற அந்தச் சொல்லுத்தான் வழியெல்லாம் என் நெஞ்சுக்குள் கிடந்தது.

கடற்கரை வீதியால் கொஞ்சத் தூரம் வந்திருப்போம். வான் இரண்டு மூன்று தரம் இருமிவிட்டு நின்றது. சாரதி கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, "ஒரு மணித்தியாலம் செல்லும். எல்லாரும் இறங்கி நிழலிலை நில்லுங்கோ" என்றான். நிழல் என்று அங்கே இருந்தது ஒரு பூவரசுதான். அதன் கீழே ஏற்கெனவே பத்துப் பேர். இவரால் நிற்க ஏலாது.

வீதிக்கு மறுபக்கம் ஒரு சின்னக் கல்வீடு. அதன் முன் விறாந்தையை ஓலையால் கொஞ்சம் நீட்டி, இரண்டு மேசையும், இருக்க வாங்கும் போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற மனிசர் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணை, உள்ளுக்கை வாங்கோ. ஏன் உந்த வெய்யிலுக்கை நிண்டு வத்துறியள்? உது சாப்பாட்டுக் கடைதான். ஆனால் சாப்பிடத்தான் வேணுமெண்டு சட்டமில்லை."

உள்ளே குசினியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "ஓமோம், இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் கடை நல்லா நடக்குது. வாய் அலட்டாமல் அந்தக் கோப்பையளைக் கழுவுங்கோ."

"கேட்டியளே அண்ணை? எனக்கு முதலாளி உள்ளுக்கை நிக்கிறா."

நான் அதுவரை ஒரு கடையில் இருந்து சாப்பிட்டதில்லை. சந்தைக்குப் போனாலும் வீட்டுக்கு வந்துதான் வாயில் தண்ணீர் படும். அந்நிய ஆம்பிளைகள் பார்க்க வாயைத் திறந்து சாப்பிடுவதை நினைத்தாலே எனக்குக் கூச்சம். அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாங்கில் இருத்திவிட்டு, நான் அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு, மேசைப் பலகையைப் பார்த்தபடி இருந்தேன். கடற்கரை ஊர் என்றபடியால் எல்லா இடத்திலும் கருவாட்டு மணம். அது வீதியிலிருந்தா, வீட்டிலிருந்தா வருகிறது என்று நான் யோசிக்கவில்லை.

கடைக்காரரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. என்னைவிட ஏழெட்டு வயது குறைவாய் இருக்கும்.

"அக்கா, என்ன, அண்ணைக்குச் சுகமில்லையே?"

"காய்ச்சல் வந்து மாறினது" என்றேன்.

"சோறு கொஞ்சம் போடட்டே? நேரம் போட்டுது, கறி எல்லாம் முடிஞ்சுது. கத்தரிக்காயும் முருங்கையிலை வறையும் சொதியும்தான் கிடக்கு. இண்டைக்கு வெள்ளி எண்டபடியால் இறைச்சியும் இல்லை. வெள்ளிக்கிழமையிலை இந்த வீட்டிலை இறைச்சி தொடமாட்டம்."

எனக்கு மனம் குளிர்ந்தது. எங்களைப் போல வெள்ளி பார்க்கிற வீடு என்று நினைத்தேன். மீனோ, இறைச்சியோ, முட்டையோ, எங்களுக்கு எல்லாமே மச்சம். வெள்ளிக்கிழமையில் அதில் ஒன்றும் வாசற் படலை தாண்டாது. இறைச்சி இல்லை என்றால் மீனும் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. "மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்த விஷயத்தில் இவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லவேண்டும். கலியாணம் முடித்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, மச்சச் சட்டிக்கு வைத்திருந்த அகப்பையை நான் மறதியாய்ப் பருப்புக்குள் போட்டுவிட்டேன். கழுவின அகப்பைதான். ஆனாலும் பருப்பைச் சட்டியோடு கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் ஊற்றிவிட்டு, அன்று முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தார்.

இரண்டு கோப்பைகளில் சோறு வந்தது. இவர் விரலால் கிண்டினார். கத்தரிக்காயை ஒரு பக்கம் ஒதுக்கினார். கடைக்காரர் சொதிச் சட்டியோடு வந்து, கேளாமலே இரண்டு பேரின் சோற்றிலும் ஒவ்வொரு அகப்பை ஊற்றிவிட்டுப் போனார். இவர் ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு பிடி எடுத்தார். நான் என் சோற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பிடி சின்னப் பிடியில்லை. தோட்டத்தால் வந்து சாப்பிடும்போது பிடிக்கிற பிடி.

பிறகு அவர் தலையை நிமிர்த்திக் குசினிப் பக்கம் பார்த்து, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ" என்றார்.

ஒன்றரை மாதத்தில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நானும் குனிந்து என் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

வைத்ததும் தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் சமைத்த நாக்கு; காய்ச்சலில் கெட்ட அவர் நாக்குக்குத்தான் அது பிடிபடவில்லை. தேங்காய்ப்பாலுக்கும் தேசிப்புளிக்கும் கீழே மீன். நல்ல மீன். நூல் போல ஒரு முள்ளும் நாக்கில் தட்டுப்பட்டது. துண்டெல்லாம் மத்தியானத்தோடு முடிந்து, மீன் அவிந்த சாறுதான் சட்டியில் மிஞ்சிக் கிடந்திருக்கிறது. அப்போதுதான் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தேன். மாதா படம். அதற்குக் கீழே கடதாசிப் பூ. வேதக்கார வீடு. அவர்களுடைய வெள்ளிக்கிழமையில் இறைச்சிதான் இல்லை, மீன் உண்டு.

முள்ளை வாயிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். சொன்னால் இவர் இப்போதே எழும்பிப் போய் வாய் கொப்பளிப்பார். தின்றதையும் சத்தி எடுப்பார். அதற்குப் பிறகு எந்தச் சோற்றைக் கண்டாலும் அந்த எண்ணம்தான் வரும். சொல்லாவிட்டால், ஒரு நாளும் வெள்ளி தவறாத மனிசனை நான் தெரிந்துகொண்டே தவறவைக்கிறேன். பக்கத்தில் அவர் கோப்பையில் சோறு குறைந்துகொண்டே வந்தது. நெற்றியில் வேர்வை. அந்த வேர்வையைக் கண்டு எத்தனை நாள்!

முள்ளை விழுங்கினேன். என் கோப்பையில் இருந்ததையும் மிச்சம் விடாமல் சாப்பிடத் தொடங்கினேன். பாவம் வருமென்றால் இரண்டு பேருக்கும் சமனாய் வரட்டும்.

அப்போது கடைக்காரரின் மனைவி ஒரு சின்னக் கோப்பையோடு குசினி வாசலுக்கு வந்தா. முகமெல்லாம் சிரிப்பு. கோப்பையில் முழுசாய் ஒரு மீன் தலை. அடிச்சட்டியில் எப்படியோ தப்பிக் கிடந்திருக்கிறது. ருசித்துச் சாப்பிடுகிற நோயாளிக்கு ஆசையாய்க் கொண்டுவருகிறா.

நான் எப்படி எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. சோற்றுக் கையோடு குறுக்கே போய், அவவைக் குசினிக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போனேன்.

"தங்கச்சி, அவர் வெள்ளிக்கிழமையிலை மச்சம் வாயிலை வையார். சொதியிலை மீன் கிடந்தது அவருக்குத் தெரியாது."

அவ கோப்பையை அம்மிமேல் வைத்துவிட்டு வாயைப் பொத்தினா. "ஐயோ, மாதாவே! நான் சொன்னனான்தானே அக்கா, இறைச்சி இல்லையெண்டு..."

"நீங்கள் சொன்னது சரி. நான்தான் கேளாமல் விட்டன்."

"இப்ப என்னக்கா செய்யிறது? நான் போய்ச் சொல்லட்டே?"

நான் அவவின் கையைப் பிடித்தேன். முன்பின் தெரியாத ஒருவரை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லாதையுங்கோ. இன்னும் கொஞ்சம் சொதி குடுங்கோ. முள்ளு வராமல் வடிச்சுக் குடுங்கோ."

அவ என்னைப் பார்த்தா. பால் வடிக்கிற துணியை எடுத்து, சொதியை மெள்ள மெள்ள வடித்தா. நான் சட்டியைச் சரித்துப் பிடித்தேன்.

வெளியே இருந்து கடைக்காரர் கூப்பிட்டார். "இஞ்சேரும், அந்த மீன்..."

"பூனை!" என்றா அவ, அவரை முடிக்க விடாமல். "இந்தப் பாழ்பட்ட பூனை. நீங்கள் வந்து அதைக் கலையுங்கோ முதல்."

"எங்களிட்டை ஏதப்பா பூனை?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்த மனிசர், எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார். பிறகு எல்லாம் விளங்கினவர் போல, "ச்சூ, ச்சூ" என்று வெறுந்தரையைப் பார்த்துக் கலைத்தார். எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

வடித்த சொதியை அவவே கொண்டுபோய் ஊற்றினா. இவர் கையைக் குவித்து வாங்கிக் குடித்தார்.

"தங்கச்சி, இதுக்கு என்ன போட்டுக் காய்ச்சினனீங்கள்? எங்கடை வீட்டுச் சொதி இப்பிடி வராது."

அவ ஒரு கணம் என்னைப் பார்த்தா. "முதற்பாலை இறக்கிற நேரம் விடவேணும், அண்ணை" என்றா. "கொதிக்க விடப்படாது. அக்காவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறன்."

"அப்ப வடிவாய்க் கேட்டுக்கொள்ளும்" என்றார் இவர் என்னிடம்.

வான் புறப்பட்டு வல்லைவெளி தாண்டும்போது இவர் என் தோளில் சாய்ந்து நித்திரை. வீட்டுக்கு வந்து சேர்ந்து, பொழுதுபட்டதும், "பசிக்குது" என்றார். கட்டிக் கொண்டுபோன பிட்டு பழுதாகிவிட்டது. புதிதாய் அவித்துக் கொடுத்தேன். சாப்பிட்டார். அடுத்த நாளும் சாப்பிட்டார். வாய்க்கசப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கழுத்தெலும்பு மெல்ல மெல்லச் சட்டைக்குள் போனது. நாலு மாதத்தில் தோட்டத்துக்கு இறங்கினார். வெங்காயம் நட்டார். அதைச் சுன்னாகச் சந்தைக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டும் போனார்.

அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன். அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் நின்று சாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமிக்குச் சொன்னது காணும் என்று மனம் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை, அவர் வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்த நேரம், பக்கத்தில் இருந்து நானும் அரிந்தபடி, மீன், வேதக்கார வீடு, முள், வடித்த துணி எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்தார்.

"உமக்குத் தெரிஞ்சதோ?"

"ஓம். இடையிலை தெரிஞ்சது."

"தெரிஞ்சும் பிறகும் வாங்கித் தந்தனீரோ?"

"ஓம்."

எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாய் அள்ளித் தலையில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை, பச்சைத் தண்ணீரோடு பட்டினி கிடந்தார். விரதம் இருக்கிற பெலன் அவருக்கு வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சமைத்து முடித்துச் சோற்றைப் போட்டேன். வந்து இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சொல்லுக் கதைக்கவில்லை. புதன்கிழமை தொடக்கம் அப்படித்தான். போட்ட சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்று வாயால் கேளாமல் கோப்பையை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

நான் போட்டேன்.