எண்ணூறில் நிற்காத ஊசி

மாமாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் ஒரு பொய் சொன்னேன். அவ்வளவு சுத்தமான, பைசா லாபம் எதிர்பார்க்காத பொய்யை அதற்குப் பிறகு நான் சொன்னதே இல்லை. அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. பரங்கிப்பேட்டைக்காரர். துபாயில் கார் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை. நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். வாப்பாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. மாமாவுக்குச் சிதம்பரத்தில் பெண் முடிவானதும், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் வாப்பாவுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். அத்தரும் தைலமும் இருக்கும் என்று உம்மா ஆசையாகப் பிரித்தார். உள்ளே கூம்பு மாதிரி சிவப்பாக ஓர் ஏர் ஃபில்டர், வளைந்த அலுமினியக் குழாய், பளபளவென்று ஒரு த்ராட்டில் பாடி. என்ஜினுக்குள் காற்று போகிற வாசல் அதுதான், பழைய வாசலைவிடப் பெரியது என்று வாப்பா விளக்கினார். உம்மா பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வாப்பாவுக்கோ வாயெல்லாம் பல். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைக் காரை அக்கா புருஷன்தான் ஓட்ட வேண்டும். ‘நான் உங்க கார்லதான் போவேன் மச்சான், இந்தச் சாமான மாட்டி வையுங்க’ என்று மாமா போனில் சொல்லிவிட்டார். மச்சான் கேட்டால் இவர் கப்பலையே ஓட்டத் தயாராக இருந்தார்.

மெக்கானிக்கை வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. வண்டி பறந்தது. தென்பெண்ணைப் பாலத்தில் அது போட்ட உறுமலுக்கு லாரிக்காரர்களே ஒதுங்கினார்கள். ஒரே ஒரு குறைதான். நிற்கத் தெரியவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் நிதானமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா, அதற்கு ஐட்லிங் என்று பெயர். எங்கள் காரில் அந்த நிதானம் போயே போய்விட்டது. ஊ என்று ஏறும், ம் என்று இறங்கும், மறுபடி ஊ என்று ஏறும், பொசுக்கென்று அணைந்துவிடும்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, ‘பழசையே மாட்டிடுவோம் பாய், எதுக்கு வம்பு’ என்றார். வாப்பாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. மாமா ஊருக்கு வந்தால் முதல் வேலையாக பானெட்டைத்தான் திறப்பார். சிவப்புக் கூம்பு அங்கே இல்லாவிட்டால் அவர் முகம் என்ன ஆகும்? இருந்தும் வண்டி ஓடாவிட்டால் இவர் முகம் என்ன ஆகும்? மாப்பிள்ளை ஊர்வலம் ஆள் நடக்கிற வேகத்தில் போவது. பெண் வீட்டுத் தெருவில், நூறு பேர் பார்க்க, அது ஊ ம் என்று முனகி அணைந்தால் கல்யாணம் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

ஆகவே தினமும் சாயங்காலம் நானும் வாப்பாவும் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்தில் காரை நிறுத்துவோம். நான் டிரைவர் சீட்டில். என் வேலை, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டரில் ஊசி எந்த எண்ணில் நிற்கிறது என்று கத்துவது. எண்ணூறில் நிற்க வேண்டும். வாப்பா பானெட்டுக்குள் தலையை விட்டு, ஸ்க்ரூடிரைவரால் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருப்புவார். நான் ‘ஆயிரத்து ஐநூறு’ என்பேன். அவர் திருப்புவார். ‘அறுநூறு’ என்பேன். ‘ஆயிரத்து இரநூறு’ என்பேன். வண்டி அணைந்துவிடும். அந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்று மாமா முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். அதற்குள் வாப்பா எட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தார். அதை அவர் மச்சானிடம் சொல்லவில்லை.

மாமா வந்து இறங்கினார். பானெட்டைத் திறந்து பார்த்து வாப்பாவைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வாப்பாவின் பாடு பெரும்பாடு. மாமா பக்கத்தில் இருந்தால் வண்டியை ஐட்லிங்கில் விடவே மாட்டார். ஒன்று ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பேசுவார், இல்லையென்றால் வீடு வருவதற்கு முன்பே என்ஜினை அணைத்துவிட்டு ஓசைப்படாமல் உருண்டு வந்து நிற்பார். பெட்ரோல் விற்கிற விலையில் இதெல்லாம் சிக்கனம் என்று உம்மாவிடம் விளக்கம் வேறு.

கடைசி நாள் சாயங்காலம் வந்தது. வாப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புறங்கையில் என்ஜின் சுட்ட தழும்பு. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ‘இப்ப எவ்ளோ சொல்லு’ என்றார். ஊசி அறுநூறுக்கும் ஆயிரத்து ஐநூறுக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

“எண்ணூறு வாப்பா.”

“நிக்குதா?”

“நிக்குது.”

அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டார். பிறகு பானெட்டை மூடிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியில் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். அதை எப்படிக் குடித்து முடித்தேன் என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சிதம்பரத்தில் ஊர்வலம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வரைக்கும் கார் ராஜா மாதிரி வந்தது. பெண் வீட்டுத் தெரு முனையில் கூட்டாளிகள் தஃப் என்கிற கைப்பறையை அடித்து, பைத் என்கிற வாழ்த்துப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். வாப்பா ஸ்டியரிங்கில், நான் பக்கத்து சீட்டில். பின்னால் மல்லிகைப் பூ முகத்தை மறைக்க மாமா. குர்ஆனில் எனக்குத் தெரிந்த சின்ன சூராக்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஓதினேன். தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பத்து வீடு தாண்டவில்லை, ஊ என்றது. ம் என்றது. தஃப் அடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. வாப்பா அடுத்த நொடியே கிளப்பிவிட்டார். காதோரம் வியர்வை கோடாக இறங்கியது. மறுபடி ஊ என்று ஏறத் தொடங்கியபோது மாமா பூவை விலக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“மச்சான், எனக்கு நடந்து போவணும்னு ஆசையா இருக்கு. நீங்க முன்னாடியே பள்ளிவாசலுக்குப் போய் நில்லுங்க. நம்ம பக்கத்து ஆளுவொ அங்க யாரும் இல்ல, வர்றவங்கள நீங்கதான் வாங்கன்னு சொல்லணும்.”

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாப்பா இத்தனை பாடுபட்டுத் தயார் செய்த காரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறாரே, இவரெல்லாம் ஒரு மாமாவா? ஆனால் தெருவே பூரித்துப்போனது. ‘துபாய்ல இருந்தும் எவ்ளோ பணிவான பிள்ள பாருங்க’ என்று ஒரு வாசலில் பேசிக்கொண்டார்கள். வாப்பா பக்கத்துச் சந்தில் திருப்பி ஓர் அழுத்து அழுத்தினார். கார் பறந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கால் மணி நேரம் கழித்து மாமா நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். புது ஷூ கடித்திருந்தது. வாப்பா பள்ளிவாசல் முன்னால் நின்று அவரைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். நிக்காஹ் வாழ்த்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் முறைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். த்ராட்டில் பாடியில் இருந்த சென்சாரைத் தளர்த்திச் சரிபார்த்து முடுக்கினார். பேட்டரி ஒயரைக் கழற்றி, காரின் கம்ப்யூட்டர் பழசை மறக்கட்டும் என்று டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து மாட்டியதும் என்ஜின் கொஞ்சம் தடுமாறி, பிறகு சாதுவாக ஓடியது. வாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பொய்யை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கும்.

இப்போது எனக்கும் சொந்தமாக ஒரு கார் இருக்கிறது. போன மாதம் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். அங்கே யாருடைய வண்டியோ ஊ ம் என்று ஏறி இறங்கியது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. மீட்டர் ஊசி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டு அன்றைக்கு நான் எண்ணூறு என்று சொன்னபோது, வாப்பா அந்த என்ஜினுக்கு மேலே காதை வைத்துக் குனிந்திருந்தார்.