முப்பத்தோராம் நாளுக்கு எழுதிக் கொடுப்பவள்

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில்.

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஓர் அச்சகம். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரை அடிக்கிறோம். வாழ்க்கை வரலாறு, இரங்கற்பா எல்லாம் என் கை. எழுத்தாளர்களும் ஓவியர்களும் செயற்கை நுண்ணறிவை எதிர்த்து நாட்டுக்கு நாடு வழக்காடுவதைப் பேப்பரில் பார்த்தபோது, பெரிய ஆட்களின் சண்டை என்று இருந்துவிட்டேன். பிறகு முதலாளி எங்கள் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டார். "பொங்கல் வரைக்கும் பாப்பம், மிஸ். அது சரிவந்தா எழுத ஆள் தேவைப்படாது" என்றார். உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒன்று வந்திருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள், சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

கோயில் வாசல் மிதிக்காதவர்

செத்தவர் தெமட்டகொடை ரயில் யார்ட்டில் வேலை செய்தவர். தொழிற்சங்கம், சிவப்புக் கொடி என்று திரிந்தவர். கடவுள் இல்லையென்று வீட்டிலும் சண்டை பிடித்தவர். கனடாவில் இருக்கும் மகன் அந்தச் செயற்கை நுண்ணறிவு மெஷினைக் கொண்டு அவர் வரலாற்றை எழுதுவித்து அனுப்பியிருந்தான். அதில் அவர் தினமும் திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டே வேலைக்குப் போனார். பிழையை வெட்டிவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெட்டாதேங்கோ பிள்ளை. நாப்பது வருசம் கோயிலுக்குக் கூப்பிட்டும் வராத மனுசன். இதிலையெண்டாலும் போகட்டும்."

பேசிய படம்

மலரோடு சேர்த்து, செத்தவரின் படத்தைப் பேச வைத்தும் கொடுக்கத் தொடங்கினார் முதலாளி. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு மலர்களைக் கொண்டுபோயிருந்தேன். டீவியில் அந்த வீட்டு அம்மா சிரித்து, "எல்லாரும் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். பிள்ளைகள் அழுதார்கள். அவரோடு கனகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சி என் பக்கத்தில் இருந்தார். அவர் அழவில்லை.

"உயிரோட இருக்கேக்க ஒருநாளும் என்னைச் சாப்பிடச் சொல்லேல்லை. இனி நான் ஆரோட கோவமா இருக்கிறது?"

முதலாளியின் அம்மா

மார்கழியில் முதலாளியின் அம்மா ஹெந்தளை வீட்டில் காலமானார். மெஷின் எழுதும் என்றுதான் இருந்தேன். முதலாளியோ என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். "இதை நீங்க எழுதுங்கோ, மிஸ். அதுக்குக் குடுக்க மனம் வரேல்லை" என்றார். அப்பாடா, என் வேலை தப்பிப் பிழைத்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது வெட்கமாகவும் இருந்தது.

அந்த அம்மா அச்சகத்துக்கு வரும்போதெல்லாம் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். "இது காணுமோ உமக்கு?" என்று கேட்டு, தான் கொண்டுவந்த அவித்த முட்டையை அதற்குள் வைத்துவிடுவார். அதை எழுதும்போது நான் அழுதேன். முதலாளி நின்றபடியே வாசித்தார், பாதியில் உட்கார்ந்துவிட்டார், வாய்விட்டு அழுதார். பிறகு முகம் கழுவி வந்து, நான் எழுதியதை அப்படியே எடுத்து மெஷினுக்குள் போட்டார்.

"இதைக் காட்டினா அது பழகியிடும், மிஸ். இனி எல்லாருக்கும் இப்பிடியே எழுதும், என்ன?"

ஆக, இனி வெள்ளவத்தையில் யார் செத்தாலும் அழுகை என்னுடையது, சம்பளம்தான் இல்லை.