பச்சைக் கொப்புக் கட்டிய லொறிகள்: முருங்கனிலிருந்து மன்னாருக்குப் பதினான்கு மைல்

"பட்டாளத்து லொறிகள் பறக்கிற றோட்டாமே, மன்னாருக்கு உயிரோடு போய்ச் சேரலாமா?" என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் சிநேகிதிகள் மூன்று பேர் ஒரே மாதத்தில் எனக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். சேரலாம். இந்தப் பங்குனியில் நானே போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை புருஷனின் லொறி ஓட்டும் லைசன் பறிபோகிற நிலையில் இருந்தது. அவனுக்குச் சாட்சி சொல்லப் போனேன். மூவருக்கும் தனித்தனியே எழுத எனக்குப் பொறுமை இல்லை. எல்லாருமாக இதை வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் முருங்கனில் இங்கிலீசு படிப்பிக்கிறேன். தங்கை புருஷன் சவிரியான் அங்குள்ள நெல் ஆலை ஒன்றின் லொறி ஓட்டுகிறான். பதினொரு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. என் தங்கையின் மூன்று பிள்ளைகளும் சாப்பிடுவது அந்த லைசனில்தான். அது போனால் ஆலைக்காரர் அடுத்த நாளே வேறு ஆள் தேடிக்கொள்வார்.

எங்கள் றோட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். நடுவில் தார் பத்தடி அகலம். ஒரு லொறிதான் போகலாம். இரண்டு பக்கமும் மணல். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் யார் மணலில் இறங்குவது? இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. பாரம் ஏற்றியவன் தாரில் போவான், வெறுமையாய் வருகிறவன் மணலில் இறங்குவான். தூரத்திலேயே தெரியவேண்டும் என்பதற்காகப் பாரம் ஏற்றியவன் வண்டியின் முன்பக்கம் மரத்தில் ஒடித்த ஒரு பச்சைக் கொப்பைக் கட்டிவிடுவான். இரண்டு பேருமே கொப்புக் கட்டியிருந்தால் ஆளுக்கு ஒரு பக்கத்துச் சில்லை மணலில் இறக்கி, பாதிப் பாதியாக விட்டுக்கொடுப்பார்கள். மாட்டு வண்டிக்காரர் தொடங்கிய முறை இது. பொலிஸ்காரன் இல்லாமல், அபராதம் இல்லாமல், சத்தம் சண்டை இல்லாமல் நடக்கிறது. கொழும்பில் இப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்!

உலக யுத்தம் வந்து, கடல் கடந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெரிய லொறிகளோடு வந்து இறங்கியதும் எல்லாம் குழம்பியது. அவர்களுடைய லொறிகளில் ஒன்றுவிடாமல் பச்சைக் கொப்பு. எங்கள் ஆட்கள் மரியாதையாக இறங்கி இறங்கிக் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க அவர்களின் வேகமும் கூடியது. மாசி மாதத்தில் ஒரு காலை, நெல் மூட்டையோடு போன சவிரியான் அப்படியொரு லொறியைக் கண்டான். இரண்டும் பாரம் என்று நினைத்து, முறைப்படி பாதிச் சில்லை இறக்கிக் காத்திருந்தான். வந்தவன் இறக்கவுமில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. கடைசி நேரத்தில் வெட்டித் திருப்பி வாய்க்காலுக்குள் பாய்ந்தான். அந்தச் சிப்பாயின் கை முறிந்தது. வேண்டுமென்றே வழியை மறித்தான் என்று சவிரியான்மேல் வழக்கு விழுந்தது.

புறப்பட்டது காலை எட்டரை மணிக்கு. பஸ்ஸில் போனால் அறுபது சதம், லொறியில் முன்னுக்கு இருந்தால் நாற்பது. எனக்குச் சும்மாதான். முன் இருக்கையில் சவிரியான், நான், மூட்டை இறக்கும் காசிம் நானா. காசிம் நானா எருக்கலம்பிட்டிக்காரர், ஐம்பது வயது, வாய் ஓயாது. பின்னால் நாற்பது மூட்டை நெல். வழக்குக்குப் போகிற நாளில்கூட ஆலைக்காரர் லொறியை வெறுமையாக விடவில்லை பாருங்கள்.

"ஏறுங்கோ மச்சாள்," என்றான் சவிரியான். வேப்பங் கொப்பை முறித்து முன் இடது விளக்கின் மேல் கட்டினான். கட்டிய கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

நறுவிலிக்குளம் பக்கத்திலிருந்து வந்த வெறும் மாட்டு வண்டிகள் நாலு எங்களைக் கண்டதும் மணலில் இறங்கின. வண்டிக்காரர்கள் கை தூக்கினார்கள், சவிரியானும் தூக்கினான். உயிலங்குளத்தில் ஒன்பதே காலுக்குத் தேநீர், மூன்று சதம். வடை ஆறிப்போயிருக்கும், வாங்காதீர்கள். அங்கே நின்ற லொறிக்காரர்களுக்கும் பட்டாளத்து லொறியைத் தவிர வேறு பேச்சில்லை.

"ரீச்சர், எனக்கு ஒண்டுதான் விளங்கேல்ல," என்றார் காசிம் நானா. "போகேக்கயும் கொப்பு, வரேக்கயும் கொப்பு. ரெண்டு பக்கமும் பாரம் ஏத்துறானுகள். அல்லாவே, அப்பிடி என்னத்தத்தான் ஏத்துறானுகளோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை இங்கிலீசு படித்த எனக்கும் அந்தக் கேள்வியை நின்று யோசிக்கத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

உயிலங்குளத்தைத் தாண்டி இரண்டு மைலில் எதிரே புழுதி எழும்பியது. பட்டாளத்து லொறி. கூரையிலும் முன்பக்கத்திலும் அடர்த்தியாகக் கொப்பு. சவிரியான் பாதிச் சில்லை இறக்குவான் என்று நினைத்தேன். அவன் நாற்பது மூட்டையோடு முழு லொறியையும் மணலில் இறக்கிவிட்டான். லொறி பத்து யார் தூரம் போய்ச் சில்லு முழுவதும் புதைந்து நின்றது.

"என்ன வேலையடா இது!" என்று கத்தினேன்.

"பயந்திட்டன் மச்சாள்," என்றான் அவன். "இண்டைக்கும் ஒண்டு நடந்தா என்ர பிள்ளையளுக்கு ஆர் பதில் சொல்லுறது?" சொல்லிவிட்டுச் சுக்கானில் தலையைச் சாய்த்தான். பதினொரு வருஷம் ஓட்டியவன் பாரத்தோடு மணலில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

போய்விடுவான் என்று நினைத்த லொறி நின்றது. சிவந்த முகமுள்ள ஒரு சிப்பாய் மண்வெட்டியோடு இறங்கி ஓடிவந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். தோமஸ் என்று தன் பெயரைச் சொன்னான். "எங்கட தோமையாரின்ர பேர்," என்று சவிரியான் முணுமுணுத்தான். உடனே சில்லுக்கு முன்னால் மணலைத் தோண்டத் தொடங்கிய தோமஸ், நான் இங்கிலீசில் நன்றி சொன்னதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாரத்தோடு ஏன் முழுவதும் இறங்கினீர்கள்? உங்கள் ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டால் ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்?" என்றான்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "பயமா? மரியாதை! நீங்களும்தானே பாரம் ஏற்றியிருக்கிறீர்கள்?"

"நானா? வெறும் லொறி," என்றான்.

"பிறகு எதற்குக் கொப்பு?"

அவன் ஆகாயத்தை விரலால் காட்டினான். எதிரியின் விமானத்துக்குத் தெரியாமல் மறைக்க!

நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மாதம்! எத்தனை வண்டிக்காரர் வெறும் லொறிக்கு மணலில் இறங்கி, மாட்டின் வாலை முறுக்கி முறுக்கி மேலே ஏறினார்கள்! விஷயத்தைத் தமிழில் சொன்னதும் காசிம் நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப நாங்க சலாம் போட்டது வெறும் இலைக்கா!"

எங்கள் முறையைத் தோமஸுக்கு விளக்கினேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. கை முறிந்தவன் அவனுடைய கூட்டாளிதானாம். "அந்த லொறி பாதி இறங்கி நின்றது, என்னைக் கொல்லத்தான் நின்றது என்று அவன் சொன்னான். எங்கள் கிராமத்திலும் ஒற்றை வழிதான். யார் பின்னுக்குப் போவது என்று எங்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. இங்கேயும் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை," என்றான். இன்று இரண்டு மணிக்கு வழக்கு என்றேன். கேட்டுப் பார்க்கிறேன், மேலதிகாரி விடவேண்டும் என்றான். விடுவார் என்று அவன் சொல்லவில்லை.

பனை ஓலை வெட்டிச் சில்லுக்கு அடியில் போட்டு, மூட்டைகளைப் பாதி இறக்கி மறுபடி ஏற்றி, தாரில் ஏறும்போது மணி பதினொன்றே முக்கால். மன்னார்த் தீவுக்குப் போகும் கடல்வழிப் பாதை இரண்டு மைல். இரு பக்கமும் தண்ணீர். நாரைகளும் கழுதைகளும் தவிர வேறொன்றும் இல்லை. அழகான இடம்தான், அன்று எனக்குக் கண்ணில் படவில்லை. நெல்லை இறக்கிவிட்டு, ஒன்றே காலுக்கு வழக்கு நடக்கும் கோட்டில் நின்றோம்.

வழக்கு எடுத்தது இரண்டு நாற்பதுக்கு. எங்களுக்காக வாதாடிய பிரக்கிராசியார் நல்ல மனிதர், ஆனால் "கொப்புக் கதை சட்டத்தில இல்லை, பேசாதேங்கோ" என்று முதலே சொல்லியிருந்தார். கூண்டில் ஏறியதும் நான் அதைத்தான் பேசினேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எங்கே எழுதியிருக்கிறது?"

"எங்கேயும் எழுதவில்லை ஐயா. அதனால்தான் ஒருவரும் மீறுவதில்லை."

கோட்டில் சிரிப்பு எழும்பியது. நீதவான் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. என் வாயால் தங்கை குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

மூன்று மணிக்குத் தோமஸ் வந்தான், மணல் ஒட்டிய அதே சப்பாத்தோடு. பின்னால் கையைத் துணியில் தொங்கவிட்ட கூட்டாளி. நீதவான் கை முறிந்தவனிடம் இரண்டே கேள்வி கேட்டார். அன்று உன் லொறியில் பாரம் இருந்ததா? இல்லை. கொப்பு? இருந்தது. அவன் சவிரியானைத் திரும்பிப் பார்த்து, "வழி விட்டுத்தான் நின்றிருக்கிறாய், எனக்குத் தெரியாமல் போய்விட்டது," என்றான். நான் மொழிபெயர்த்தேன். சவிரியான் கைகூப்பினான், கண் நிறைந்துவிட்டது. வழக்குத் தள்ளுபடி. எழும்பும்போது நீதவான் கேட்டார்: "நான் தனியாகக் காரில் போனால் பாரமா, வெறுமையா?" வெறுமைதான் ஐயா என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

அன்று மன்னாரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பினோம். லொறி வெறுமை, காசிம் நானா கொப்பை அவிழ்த்துவிட்டார். பின்னால் சந்தைக்குப் போகும் ஆட்கள் ஆறேழு பேர். வழக்கு வென்ற கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கடல்வழிப் பாதை முடிந்து கொஞ்சத் தூரத்தில் எதிரே ஒரு பட்டாளத்து லொறி வந்தது.

"இறங்காத சவிரியான்! வெண்டனீ, இண்டைக்கு அவன் இறங்கட்டும்!" என்று பின்னால் கத்தினார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது.

சவிரியான் வேகத்தைக் குறைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அந்த லொறியின் கூரையில் மட்டும் இலை இருந்தது. முன்பக்கம் துப்புரவாக இருந்தது. இடது விளக்கின் மேல் மட்டும் ஒரேயொரு வேப்பங் கொப்பு.

"அவன் பாரத்தோட வாறான்," என்றான் சவிரியான். சுக்கானைத் திருப்பி முழு லொறியையும் மணலில் இறக்கினான்.

"கேசில வெண்டனீ எல்லோ!" என்று ஒருவர் கத்தினார்.

"வெண்டா? றோட்டு என்ர அப்பன்ர சொத்தே?" என்றான் அவன். நேற்றைய பயம் குரலில் இல்லை.

ஓட்டி வந்தது தோமஸ். எங்களைக் கடக்கும்போது மெதுவாகப் போனான். பின்னால் பீப்பாய்கள் நிறைந்திருந்தன. எங்கள் வண்டிக்காரர் தூக்குவதுபோலவே கையைத் தூக்கினான். கத்திய ஆட்கள் எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஒரு சட்டப் புத்தகத்திலும் இல்லாத எங்கள் முறை கடல் கடந்து வந்தவனின் லொறியில் ஏறி ஓடியதைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை என்னவென்று எழுத! கொப்பைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லைப்போல. சப்பாத்து நாடாவால் கட்டியிருந்தான்.

இனி வர இருக்கிறவர்களுக்கு. காலை ஒன்பதுக்கு முன் புறப்படுங்கள், பிறகு வெயில் தாங்காது. முருங்கனை விட்டால் தண்ணீர் நம்பிக் குடிக்க உயிலங்குளம்தான். இரண்டு பனை ஓலையும் ஒரு மண்வெட்டியும் காரில் கிடக்கட்டும். இலுப்பைக்கடவைப் பக்கம் போகிறவர்களுக்கும் இதேதான். அங்கே மணல் இன்னும் மோசம். எல்லாப் பட்டாளத்து லொறியும் இன்னும் முன் இலையை எடுக்கவில்லை, ஆகவே சந்தேகம் வந்தால் மெதுவாகுங்கள். கொப்புக் கட்டிய வண்டி எதிரே வந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய உத்தியோகத்தராக இருந்தாலும் சரி, காரை மணலில் இறக்குங்கள். தோமஸுக்கு அதைப் படிக்க ஒரு நாள் போதுமாக இருந்தது.