ஒரே பாட்டுக்கு ஏழு சீடி

கிளிநொச்சியில் நான் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தபோது, வட்டக்கச்சியிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். மெலிந்த மனிதர். கதைக்கும்போது வலக்காதை நம் பக்கம் திருப்புவார். பழைய ஆங்கில ராக் இசைத்தொகுப்பு ஒன்றைத்தான் அவர் சேகரித்தார். ஜப்பானில் அடித்தது, ஜெர்மனியில் அடித்தது என்று அதே தொகுப்பின் ஆறு சீடிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒலியை வேறுவிதமாகச் சீர்செய்திருந்தார்கள்.

"மூண்டாவது பாட்டுத் தொடங்க முன்னம் பாடுறவன் மூச்சிழுக்கிறது கேக்கும் எண்டு மகன் சொல்லுவான். வேலை கிடக்கு எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை," என்றார்.

மகன் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். அவனுடைய சீடியும் அப்போதே போய்விட்டது. வாங்கிய ஆறையும் என் கடையில் போட்டு இருவரும் கேட்டுப் பார்த்தோம்; ஒன்றிலும் அந்த மூச்சு இல்லை.

"காது வரவரப் போகுது தம்பி. முழுக்கப் போக முன்னம் கேக்கோணும்."

ஒருநாள், லண்டனிலிருந்து தங்கையின் மகள் அனுப்பிய ஏழாவது சீடியோடு வந்தார். ஹெட்போனை முதலில் எனக்கு மாட்டிவிட்டார். மூச்சு தெளிவாகக் கேட்டது.

"கேக்குது ஐயா!" என்று கத்தினேன்.

அவர் மாட்டிக்கொண்டார். சத்தத்தை முழுதாகக் கூட்டி மூன்று தரம் போட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. ஹெட்போனைக் கழற்றினார்.

"எப்பிடி இழுக்கிறான்? ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ தம்பி."

நான் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக் காட்டினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்கா," என்றார்.