என் தொண்டைக்கு வந்த மிதி

மேடைப் பாடகனான என் பாட்டுகளைப் பல வருஷம் ஒரு ஆடியோ கம்பெனிக்காரன்தான் வெளியிட்டான். பேரும் லாபமும் அவனுக்கே போயின. வெறுத்துப்போய், நானே ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன்.

பாபநாசம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பாடிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனிக்காரன் தன் ஆட்களோடு மேடை ஏறி, மைக் ஸ்டாண்டால் என் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்து விழுந்தேன்.

"இனி எந்தத் தொண்டையில பாடி விக்கிறேன்னு பாக்குறேன்டா!" என்று என் கழுத்தை மிதிக்கக் காலைத் தூக்கினான். கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஒருவன் மட்டும் பாய்ந்து என்மேல் கவிழ்ந்தான். மிதி அவன் வாயில் விழுந்தது. அதன்பிறகே ஊர்க்காரர்கள் திரண்டு அவர்களை அடித்து விரட்டினார்கள்.

"யாருங்க நீங்க?"

அவன் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். "நான் மன்னார்குடி முருகேசன்ணே. அறுப்பு மிஷின் ஓட்டுறேன். உங்ககிட்ட பாட்டு வாங்குனேன். மேடையில அன்பளிப்பு குடுத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி, என் பேரைச் சொல்லி நன்றின்னு பாட்டுக்கு முன்னாடி போட்டு அனுப்புனீங்களே!"

"பல்லு போயிடுச்சேப்பா."

"போவட்டும்ணே. நானா பாடப்போறேன்?"

அந்தக் கம்பெனிக்காரன்மேல் உள்ள வெறி எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் விற்பனை கூடட்டும் என்று வாங்கியவர்களின் பேரை யார் எவரென்று நினைக்காமலே சொல்லி அனுப்பியவன் நான். இப்போது ஒவ்வொரு பெயரையும், அந்த ஆள் யாரோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்.