நூர் பாஷா ஜிமிக்கி போட்ட நாள்

தர்மபுரியில் என் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர் நூர் பாஷா. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், மார்பு வரை தாடி. 1986-இல் பெங்களூரிலிருந்து ஒரு பழைய மிஷின் வாங்கினேன். ஆளை நிற்க வைத்தால் அதன் கை தலையைச் சுற்றி வந்து, இரண்டு பக்கத் தாடையையும் ஒரே படமாக எடுத்துவிடும். வாங்கியவன் நான். அதன் குணம் தெரிந்தவர் அவர். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது, அவ்வளவு கொழுப்பு.

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் ஏலம் கூவும் மாதேஸ்வரன் ஒருநாள் வலது கடைவாய் வலியோடு வந்தார். அவர் குரலெடுத்தால் பாலக்கோடு பஸ்சே நின்று கேட்கும் என்பார்கள். படத்தைப் பார்த்தேன். வலது தாடை எலும்பில், மேல்பக்கமாக, வெள்ளையாய் மங்கலாய் ஒரு திட்டு.

"எலும்புல கட்டி மாதிரி தெரியுது. மெட்ராஸ் போங்க. அந்தப் பக்கத் தாடையை எடுக்க வேண்டி வரலாம்" என்றேன்.

"தாடை போனா நான் எதை வெச்சுங்க ஏலம் கூவறது?" என்றார். குரலே எழும்பவில்லை. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நூர் பாஷா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "கட்டி இல்லைங்க டாக்டர். எதிர்வூட்டு நிழலுங்க."

இடது தாடை எலும்பு படத்தில் தன் இடத்தில் விழுவது போதாதென்று, வலது பக்கமும் போய், கொஞ்சம் மேலே ஏறி நின்று மங்கலாக எட்டிப் பார்க்குமாம். என் பாடப்புத்தகத்திலும் இருந்திருக்கும். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி வஹிதாவின் ஜிமிக்கியோடு திரும்பி வந்தார். அதை நூலால் இடது காதில் கட்டிக்கொண்டு, அந்தத் தாடியோடு மிஷினில் போய் நின்றார். "பட்டனை அமுக்குங்க." வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் மாதேஸ்வரனே வலியை மறந்து சிரித்தார்.

படத்தைக் கழுவினோம். இடது பக்கம் ஜிமிக்கி பளிச்சென்று இருந்தது. வலது பக்கம், சற்று மேலே, பெரிசாய் மங்கலாய் இன்னொரு ஜிமிக்கி. அந்தக் காதில் ஒன்றுமே கிடையாது.

நூர் பாஷா மாதேஸ்வரனிடம் போனார். "மிஷின் சுத்தறப்ப தலையை அசைச்சீங்களா?"

"ஆமாங்க. பின்னாடி சுத்தி வந்துச்சு. வழி வுட்டு ஒதுங்கினேன்."

மண்டியில் கூடை சுமந்து வருபவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பழகிய மனிதர், மிஷினுக்கும் மரியாதை செய்திருக்கிறார். நிழல் ஒரு பக்கம் மட்டும் தடித்துப் போனது அதனால்தான்.

"டாக்டருக்குச் சந்தேகம் வந்துடுச்சுங்க. இன்னொரு படம் எடுக்கச் சொல்றாரு" என்றார் நூர் பாஷா. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது படத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசான நிழல். கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. சொத்தைக் கடைவாய்ப்பல் ஒன்றுதான். பிடுங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் மாதேஸ்வரன் ஒரு கூடைத் தக்காளியோடு வந்தார். ஆஸ்பத்திரி அதிர, "உங்களுக்குச் சந்தேகம் வரலைன்னா என் தாடை போயிருக்குமுங்க டாக்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நூர் பாஷா தலை நிமிராமல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சந்தேகம் எனக்கு வரலைங்க. அவருக்குத்தான் வந்துச்சு" என்று கூடையை நூர் பாஷா பக்கம் தள்ளினேன்.

அவர் கூடையைத் தூக்கி சைக்கிளில் கட்டினார். "எனக்கில்லைங்க, ஜிமிக்கிக்காரிக்கு" என்றார்.