சுகிர்தாட மீன்

கோதம்ப மாவத் தண்ணியில கரைச்சி அடுப்பில வெச்சிக் கிண்டினா ஒரு மணம் வரும், வெந்தும் வேகாத, லேசாப் புளிச்ச மணம். எங்கட பூமணி டீச்சர் அப்பிடித்தான் பசை காய்ச்சுவா. இண்டைக்கும் பக்கத்து வீட்டில ஆரும் மாக்கஞ்சி காய்ச்சினா நான் யன்னலச் சாத்திப்போடுவன். பசையில ஒரு பிழையுமில்ல. அந்தப் பசையால ஒட்டின மீன வெச்சி நான் செய்த வேலதான் காரணம். ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்டவள் நான், கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும்.

சுனாமி வந்தப்ப நான் மூண்டாம் வகுப்பு. கடக்கரையில இருந்த எங்கட பள்ளிக்கூடம் போச்சி, என்ட அம்மாவும் போயிட்டா. மிஞ்சின புள்ளைகள ஆத்துப் பக்கமா இருந்த வேற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தகரக் கொட்டில் போட்டு இருத்தினாங்க. மட்டக்களப்பு வாவிய நாங்க ஆறு எண்டுதான் சொல்லுறது. மூண்டு ஊர்ப் புள்ளைகள் ஒரு கொட்டிலுக்க, அறுபதுக்கு மேல. டீச்சர் வருஷக்கணக்காச் சேத்து வெச்சிருந்த சோடா மூடி, கலண்டர் மட்டையில வெட்டின எழுத்து, முள்ளு சுத்துற மணிக்கூடு எல்லாம் கடலோட போயிட்டு. "கை இருக்குத்தானே மனே, திரும்பச் செய்வம்" எண்டா.

முதல் செய்தது மீன். நிவாரணச் சாமான் வந்த பெட்டிய வெட்டி, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொரு மீன். கண்ணுக்குக் குண்டுமணி, செதிலுக்கு வெங்காயத் தோல், முதுகில எங்கட பேர். நீலத் தறப்பாள் துண்டொண்ட பலகையில அடிச்சி ஆறு எண்டு வெச்சா, அதுக்குப் பக்கத்தில மண்ணும் பசையும் பூசிக் கரை. ரெண்டிலயும் ஆணி. காலையில வந்த உடன கரையில தொங்குற எங்கட மீன எடுத்து ஆத்தில கொழுவ வேணும். வராத புள்ளைட மீன் கரையிலயே கிடக்கும். அறுபது முகம் பாடமாகிற வரைக்கும் டீச்சருக்கு அந்தப் பலகைதான் கண். கரையில கிடந்த மீன்ட பேர எழுதிக்கொண்டு பின்னேரம் குடையோட முகாமுக்குப் போவா, அந்தப் புள்ளைட கூடாரத்தத் தேடி.

"கரையில கனநேரம் கிடந்தா மீன் என்னாகும்?" எண்டு கேப்பா.

"கருவாடு!" எண்டு நாங்க கத்துவம். ஒரு நாள் வராட்டி அடுத்த நாள் முழுக்க அந்தப் புள்ளைக்குப் பேர் கருவாடு.

ஒருக்கா ஒரு பொடியன அவன்ட மாமா வட்டைக்கு வயல்காவலுக்கு அனுப்பிப்போட்டார். டீச்சர் போய்க் கூடார வாசல்ல குந்திக்கொண்டு "புள்ள வாற வரைக்கும் நான் ஒழும்ப மாட்டன்" எண்டு இருந்தாவாம். அடுத்த நாள் அவன்ட மீன் ஆத்தில கிடந்திச்சி. அதுக்குப் பிறகு எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை, நம்மட மீன் கரையில கிடந்தா டீச்சர் வருவா.

நான்தான் வகுப்பு மொனிட்டர். ஆத்தில கிடக்கிற மீன எண்ணித் துண்டில எழுதிப் பள்ளிக்கூடக் கந்தோரில குடுத்தா, அத்தன பணிஸ் தருவாங்க. உருண்டைப் பாண் மாதிரி, மேல சீனி தூவின பணிஸ்.

சுகிர்தா எனக்குப் பக்கத்தில இருக்கிறவள். தாயும் தகப்பனும் கடலோட போய், சித்தப்பாட கூடாரத்தில இருந்தவள். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வருவம், முந்தி வாற கை ரெண்டு மீனையும் கொழுவும். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வரல்ல. நான் கைப்பழக்கத்தில ரெண்டையும் ஆத்தில கொழுவிப்போட்டு எண்ணிட்டன். பணிஸ் குடுத்து முடிய ஒண்டு மிஞ்சிச்சி. அப்பத்தான் விளங்கிச்சி. சொல்லியிருக்கலாம். சட்டைக்க ஒளிச்சிக்கொண்டு போய்க் கிணத்தடியில நிண்டு திண்டன். தம்பிக்குக் குடுத்தன் எண்டு எழுத ஆசையாக் கிடக்கு. அது பொய். பசியும் இல்ல, முகாமில சோறு தந்தாங்க. அந்தச் சீனிக்காகத்தான்.

புதன்கிழமை தெரிஞ்சிகொண்டுதான் கொழுவினன்.

அண்டைக்குப் பின்னேரம் சுகிர்தாட கூடாரத்துக்குப் போனன். தலமயிரக் கட்டையா வெட்டி, புதுச் சட்டை போட்டு இருந்தாள்.

"என்னகா, காய்ச்சலா?" எண்டு கேட்டன்.

"இல்லகா. கொழும்பில ஒரு வீட்டுக்குப் போறனாம். அங்க சின்னப் புள்ள பாக்கணுமாம்."

"நீயே சின்னப் புள்ளதானே!"

சிரிச்சாள். மறுகா என்ட கையப் புடிச்சாள். "வெள்ளிக்கிழமை விடிய வேன் வருதாம். என்ட மீன் ரெண்டு நாளாக் கரையிலதானே கிடக்கு, டீச்சர் ஏன் இன்னும் வரல்ல? நீ சொல்லுகா. அவ வந்து குந்தினா சித்தப்பா ஏலாது எண்டு விட்டுருவார்."

"சொல்லுறன்" எண்டன்.

வியாழக்கிழமை டீச்சர் எனக்கு முன்னாலதான் நிண்டா, மேசையில வெட்டின மட்டைத் தூள் ஒதுக்கிக்கொண்டு. சுகிர்தாவப் பத்திச் சொன்னா, ரெண்டு நாள் மீன் எப்பிடி ஆத்துக்க வந்தது எண்டு கேப்பா, பணிஸும் வெளியில வரும், மொனிட்டர் வேலையும் போகும், புள்ளைகள் "பணிஸ் கள்ளி" எண்டு பழிப்பாங்க. இதெல்லாம் அந்த எட்டு வயசில நான் வடிவாக் கணக்குப் பாத்தன். அவளக் கூட்டிக்கொண்டு போற வேன மட்டும் கணக்கில சேக்கல்ல. அண்டைக்கும் அவள்ட மீன ஆத்தில கொழுவினன். அண்டைக்கும் திண்டன்.

வெள்ளிக்கிழமை நான் அத தொடல்ல. மீன் கரையில கிடந்திச்சி. டீச்சர் பின்னேரம் குடையோட போனா. திங்கக்கிழமை வாறப்ப அவட கண் வீங்கியிருந்திச்சி. வேன் விடியவே போயிட்டு. எந்த வீடு, எந்த றோட்டு எண்டு சித்தப்பாவுக்கும் தெரியாதாம்.

"செவ்வாய்க்கிழமையிலிருந்து புள்ள பள்ளிக்கு வரல்லயாம். என்ட பலகையில வந்திருக்கு. எண்ணினது பிழைச்சிட்டு" எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. பள்ளிக்கூட அதிபர் எங்களுக்கு முன்னால வெச்சே, "டீச்சர், மட்டைய எண்ணாம இனிப் புள்ளைகள எண்ணுங்க" எண்டார். டீச்சர் எங்களப் பாக்காமத் திரும்பி ஆணி ஆணியா மீனக் கழட்டினா. நான் முன் வாங்கில இருந்து பாத்துக்கொண்டிருந்தன். வாயத் திறந்தா பணிஸ் மணக்கும் எண்டு எனக்கு ஒரு பயம். அதுக்குப் பிறகு இடாப்பில பேர் கூப்பிடுற வகுப்பாப் போச்சி எங்கட வகுப்பு. டீச்சர் திரும்ப எதையும் வெட்டி ஒட்டல்ல.

மறுகா இந்தப் பக்கம் திரும்பச் சண்டை, ஷெல், ஓட்டம். இயக்கத்துக்குப் புள்ள புடிக்கிறாங்க எண்ட பயத்தில அப்பா என்ன வீட்டுக்க வெச்சிக்கொண்டார், என்ட படிப்பு அதோட சரி. சண்டை முடிஞ்ச வருஷம் றோட்டெல்லாம் திறந்தப்ப சுகிர்தா வந்தாள். வாய் நிறையச் சிங்களம், இடது கையில அயன்பெட்டி சுட்ட தழும்பு. எங்கட வேலிக்கு அங்கால நிண்டு கேட்ட முதல் கேள்வி:

"நீ டீச்சரிட்டச் சொன்னயாகா?"

"சொன்னன்" எண்டன். "அவ வரல்ல."

இதத்தான் எழுத இவ்வளவு சுத்தி வந்தன். பணிஸ் திண்டது எட்டு வயசு. இது பதின்மூண்டு வயசு, எல்லாம் விளங்கித்தான் சொன்னன். சுகிர்தா "சரி, அவவுக்கு என்ன நான்" எண்டாள். மறுகா டீச்சர்ட வீட்டுப் பக்கமே போகல்ல. ஒரு நாள் சந்தையில டீச்சர் "மனே, சுகிர்தா!" எண்டு ஓடி வந்தாவாம், இவள் முகத்தத் திருப்பிக்கொண்டு போயிட்டாளாம். அத என்னட்ட அவளேதான் வந்து சொன்னாள், நல்லாச் செய்தன் எண்ட மாதிரி. நான் ஓம் எண்டு தலையாட்டினன்.

பூமணி டீச்சர் போன மாசம் செத்துட்டா. செத்தவீட்டில நான் அழுத அழுகையப் பாத்து அவட மகள் எனக்குத் தண்ணி தந்தா. சுகிர்தா வரல்ல. முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிய, மகள் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து திறந்தா. எல்லா மீனும் உள்ளுக்க. வெங்காயத் தோல் உதுந்துபோய், குண்டுமணி மட்டும் அப்பிடியே சிவப்பு. "அம்மா எறிய விடல்ல. எண்ணினது பிழைச்சிட்டு எண்டு கடைசியிலயும் சொல்லிக்கொண்டிருந்தா. உங்கட மீனிருந்தா எடுங்க" எண்டா. நான் சுகிர்தாட மீன எடுத்தன்.

நேத்து ஆத்தக் கடக்கிற பாதையில, ஆக்கள ஏத்துற மிதவையில, ஏறி மண்டூருக்குப் போனன். சுகிர்தா அங்கதான் கலியாணம் முடிச்சிருக்கிறாள். போற வழியில பாத்தன், எங்கட தகரக் கொட்டில் நிண்ட இடத்தில இப்ப மாடிக் கட்டிடம், சுவரில கடையில வாங்கின பளபளத்த படங்கள். ஆறு மட்டும் பழைய ஆறு. பாதையில நிக்கிறப்ப மீன அதுக்குள்ள போட்டுட்டுத் திரும்பிப் போகலாமா எண்டும் நினைச்சன்.

முத்தத்தில நிண்டபடியே எல்லாத்தையும் சொன்னன். செவ்வாய், புதன், வியாழன். "அவ வரல்ல" எண்டு நான் சொன்னது. அவள் மீன வாங்கி, முதுகில இருந்த தன்ட பேர விரலால தடவினாள். ஏசுவாள் எண்டு பாத்தன். அடிச்சாலும் நிண்டிருப்பன்.

"மூண்டு நாள் நான் அந்தக் குடையப் பாத்துக்கொண்டே இருந்தன்" எண்டாள். மறுகா, "பணிஸ் நல்லா இருந்ததா?"

"ஓம்" எண்டன்.

அவள் திரும்பி வீட்டுக்க போனாள். வாசல்ல நிண்டு, என்னப் பாக்காமலே கேட்டாள்:

"டீச்சர்ட முப்பத்தொண்டு எண்டைக்கு?"

அது போன கிழமையே முடிஞ்சிட்டு. அதையும் நான்தான் சொல்ல வேண்டி இருந்திச்சி.